சம்பந்தியின் டீசல் கார்

சம்பந்தியின் இருபது வயது டீசல் கார் பத்து கிலோமீட்டர் ஓடும், மூச்சுத் திணறி நிற்கும். அரை மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். பெண் கொடுத்த இடமாயிற்றே என்று மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு விசாரித்தார்.

"டீசல் ஃபில்டர் மாத்துனீங்களா, சம்பந்தி?"

"ரெண்டு தடவை. பம்பும் மாத்தியாச்சு. இன்ஜெக்டரைக் கழட்டி சுத்தம் பண்ணியாச்சு. எல்லாம் வீடியோ பாத்து நானே கண்டுபிடிச்சது."

அவ்வளவு பெரிய படிப்புக்கு முன்னால், முப்பது வருஷம் டீசலில் கை நனைத்தவர் எம்மாத்திரம்? மெக்கானிக் நேராகப் போய் டேங்க் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியிலிருந்த காற்றோட்டத் துளையை அடைத்துக்கொண்டு, இரண்டாக மடித்த பாலித்தீன் தாள் ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருந்தது.

"இது யார் வேலை?"

"நான்தான்," என்றார் சம்பந்தி பெருமையாக. "டீசல் ஆவியாப் போயிடக் கூடாதுல்ல?"

"டீசல் குறையக் குறைய டேங்குக்குள்ள காத்து போகணும். போகலைன்னா பம்பு எதை உறிஞ்சும்? உங்க மூக்கையும் வாயையும் கட்டிட்டு ஓடச் சொன்னா எவ்வளவு தூரம் ஓடுவீங்க?"

தாளை உருவி எறிந்தார். கார் கிளம்பியது, ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டர் ஓட்டியும் நிற்கவில்லை.

திரும்பி வந்ததும் சம்பந்தி குனிந்து அந்தத் தாளை எடுத்து, உதறி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"புரிஞ்சுது சம்பந்தி. ரெண்டா மடிச்சதுதான் தப்பு. இனிமே ஒத்தையாப் போட்டுக்கறேன்."