வாசலில் தொங்கும் சரக்கு

ஒரு மனிதனின் பேச்சு அறுபதாயிரம் ரிங்கிட். நான் வைத்த விலையில்லை. சின்னையா அண்ணனின் காப்புறுதிப் பத்திரத்தில் ஏழாம் பக்கத்தில் பட்டியலே இருக்கிறது. கண் இவ்வளவு, கை இவ்வளவு, கட்டைவிரல் தனி, சுண்டுவிரல் தனி. ஆட்டுக்கறிக் கடையில்கூட இவ்வளவு சுத்தமாகக் கூறு போடமாட்டார்கள்.

ஈப்போ லிட்டில் இந்தியாவில் அவருடையது துணிக்கடை. அதை ஒட்டினாற்போல் என் பாத்திரக்கடை. மார்ச் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டன, பேச்சுதான் போயிற்று. லகாட் ஊரில் இருக்கும் அவர் வீட்டில், தண்ணீர் வேண்டுமென்றால் “அது... அது...” என்பார். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த பிரமிளா அண்ணியைக் கூப்பிடவும் “அது... அது...”தான். அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேரைத் தேடுவார். கிடைக்காது. கண் கலங்கிவிடும்.

இத்தனைக்கும், ஆஸ்பத்திரிக்கு நான் வெறுங்கையோடு போய் நின்ற அன்றைக்கு, என்னைப் பார்த்ததும் ஓர் எழுத்துப் பிசகாமல், “போடா கஞ்சப்பயலே” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சரளாவிடம் ஓடினேன்.

“அது பேச்சு இல்லண்ணே, பழக்கம்” என்றார் சரளா. “தெனம் சொல்லிச் சொல்லி ஊறிப்போனது மூளையில ஒரு பக்கம் முழுசா தங்கிடும். திட்டு, சாமி பாட்டு, ஒண்ணு ரெண்டு மூணு எல்லாம் அப்படித்தான். யோசிச்சு, தேடி எடுத்து, கோத்துச் சொல்றதுக்கு வேற வழி. அவருக்கு அடைச்சுக்கிட்டது அந்த வழி.”

“வாசல்ல தொங்கவிட்ட சரக்கு கைக்கு எட்டுது, கிடங்குச் சாவி தொலைஞ்சு போச்சு. அதானே?”

“அதேதான். முதல் வருஷத்துலதான் சாவி கிடைக்க வாய்ப்பு அதிகம். வாரத்துக்கு மூணு தரமாவது பயிற்சி வேணும்.”

ஒரு தரத்துக்கு நூற்றைம்பது ரிங்கிட். அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வர மாதக்கணக்காகும். கடை வாடகையே இழுபறி. ஆகவே அந்த அறுபதாயிரத்தை அண்ணி பணமாகவே நினைக்கவில்லை. தன் பேர் புருஷன் வாயில் திரும்பி வருவதற்கான டிக்கெட்டாக நினைத்திருந்தார்.

ஆறு மாதம் கழித்துத்தான் மனு போடலாமாம். போட்டோம். ஒரு காலைப்பொழுதில் காப்புறுதி அதிகாரி தர்சிகா, கோப்பும் கையுமாகக் கடைக்கே வந்தார். நல்ல பெண்தான், மரியாதையான பேச்சு. அண்ணி ஆவணங்களை எடுக்க உள்ளே போன நேரத்தில், சும்மா நிற்கிறோமே என்று வாசலில் தொங்கிய ஒரு பாத்தேக் பூ அச்சிட்ட சரோங் கைலியைத் தொட்டுப் பார்த்தார்.

“இது எவ்வளவு அங்கிள்?”

“முப்பத்தெட்டு” என்றார் அண்ணன்.

நான் கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டேன்.

“கொறைக்க மாட்டீங்களா?”

“முதல் போணி, தங்கச்சி. ஒங்களுக்காக முப்பத்தஞ்சு. அதுக்குக் கீழ கட்டாது லா.”

“முப்பது குடுங்க.”

“முப்பது எனக்கே வரல தங்கச்சி. துணிய தொட்டுப் பாருங்க, சாயம் போனா திருப்பிக் கொண்டாங்க.”

பதினெட்டு வயதில் மோட்டார் சைக்கிளில் துணி மூட்டையோடு கோலா கங்சார் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், சம்பள நாளில் தொழிலாளர் லயத்து வாசலில் கடைவிரித்த காலத்தில் அவர் வாயில் ஏறிய வசனம் அது. நாற்பது வருஷம், நாளுக்கு ஐம்பது தரம். அந்தத் தோட்டங்களில் இன்று ரப்பர் மரமே இல்லை, தாமான் என்று வரிசை வரிசையாகப் புது வீடுகள் நிற்கின்றன. வசனம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அண்ணி ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானாவது சும்மா இருந்திருக்கலாம். “அண்ணே, பேசிட்டீங்கண்ணே!” என்று தெருவே கேட்கக் கத்தினேன். முப்பத்துமூன்றுக்கு வியாபாரம் முடிந்தது. தர்சிகா சரோங்கைப் பையில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தபோதுதான் நான் கத்தியது என்ன என்று எனக்கே உறைத்தது.

“அங்கிள், உங்க பேரு என்ன?”

“அது... அது...”

“இப்ப நல்லா பேசுனீங்களே?”

“அது பேச்சு இல்லம்மா!” என்று குறுக்கே விழுந்தேன். “வாசல்ல தொங்கற சரக்கு. கேளுங்க, பொண்டாட்டி பேரைக் கேளுங்க. இது என்னன்னு இந்தத் தண்ணி பாட்டிலைக் காட்டிக் கேளுங்க.”

கேட்டார். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒன்றும் வரவில்லை. தர்சிகா பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தார். “எனக்குப் புரியுதுண்ணே. ஆனா மனுப் பாரத்துல ரெண்டு கட்டந்தான் இருக்கு. பேசுகிறார், பேசவில்லை. நான் காதால கேட்டுட்டேனே, எதுல கோடு போடறது?”

“மூணாவதா ஒரு கட்டம் நீங்களே வரைங்க.”

“வரைஞ்சா கம்ப்யூட்டர் வாங்காதுண்ணே.”

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மனுதாரர் வாடிக்கையாளருடன் விலை பேசியதை எங்கள் அதிகாரி நேரில் கண்டார். எனவே பேச்சை முழுமையாக இழந்தவராகக் கருத இயலவில்லை. வருந்துகிறோம். தங்கள் நம்பிக்கைக்கு நன்றி.

சரோங்கை முப்பத்துமூன்றுக்குக் கொடுத்த வாய்க்கு அறுபதாயிரம் நஷ்டம்! எங்கள் தெருவில் இதைவிட மோசமான வியாபாரம் நடந்ததில்லை. சரளா ஒரு சான்றுக் கடிதம் எழுதித் தந்தார். அதை அனுப்பினோம். பதிலாக இன்னொரு கடிதம் வந்தது. வருந்துகிறோம். தங்கள் நம்பிக்கைக்கு நன்றி. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன், தேதி ஒன்றுதான் வேறு. தொலைபேசியில் அழைத்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல், மூன்று மொழிகளில், நாற்பது நிமிஷம்.

அப்போதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. இவர்களுடையது பேச்சா? ஆயிரம் பேருக்கு ஒரே வாக்கியம். தேடவில்லை, யோசிக்கவில்லை, கோக்கவில்லை. வாசலில் தொங்குவதை எடுத்து நீட்டுகிறார்கள். சின்னையா அண்ணனாவது ஆளைப் பார்த்து ஐந்து ரிங்கிட் குறைத்தார். கிடங்கு திறக்கவில்லையே என்று அவர் அழுகிறார். இவர்களுக்குக் கிடங்கே கிடையாது, கவலையும் கிடையாது. அவருக்குப் போட்ட கோட்டை இவர்களுக்கும் போடச் சொன்னால் எந்தக் கட்டத்தில் போடுவார்கள்?

கத்தி என்ன பயன்? பயிற்சிக்குப் பணமில்லை, வருஷமோ ஓடுகிறது. சாவி கிடைக்காவிட்டால் சரக்கை வாசலுக்குக் கொண்டுவருவதுதான் வியாபாரிக்குத் தெரிந்த வழி. சரளாவும், “செஞ்சு பாருங்கண்ணே, கெடுதல் இல்ல” என்றார். நல்ல பச்சைப் புடவை ஒன்றை எடுத்து வாசலில் தொங்கவிட்டு, ‘பிரமிளா’ என்று பெயர் வைத்தேன். புடவைக்குப் பெயர் வைப்பது உலகத்தில் இல்லாததா?

தினம் காலையில் என் கடையைத் திறக்குமுன் அவர் கடைக்குள் வாடிக்கையாளனாக நுழைகிறேன்.

“அண்ணே, பிரமிளா என்ன விலை?”

“அறுபது.”

“எது அறுபது?”

“அது... அது...” பிறகு எரிச்சலோடு, “போடா கஞ்சப்பயலே.”

அண்ணி கல்லாவில் உட்கார்ந்து தலை நிமிராமல் காதை மட்டும் இங்கே வைத்திருப்பார். ஐம்பத்திரண்டு நாள் இப்படியே போயிற்று. நேற்று, “எது அறுபது?” என்றேன். அண்ணன் புடவையைப் பார்த்தார். பிறகு கல்லாவைப் பார்த்தார். உதடு குவிந்தது.

“பிர...” என்றார். “பிர... அறுபது.”

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். நான் இந்தத் தடவை கத்தவில்லை. அந்தக் காப்புறுதிக் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கணக்கு எழுதினேன்.

கையிருப்பு: ஒன்று முதல் நூறு வரை. முதல் போணி. கட்டாது. கஞ்சப்பயல், என் பேரில்.
தண்ணீர், பாக்கி. வலி, பாக்கி. சின்னையா, பாக்கி.
காப்புறுதி: அறுபதாயிரம், பாக்கி. வராக்கடன் என்று எழுதிவிடவில்லை.
பிரமிளா: வரவு ‘பிர’. பாக்கி ‘மிளா’.