கயிறு கட்டிய மூன்றாம் நாள்

செத்துக் கிடந்த தம்பியின் வாயோரம் காய்ந்திருந்த ரத்தத்தை ஈரத் துணியால் துடைத்தாள் மாரிக்கனி. வலிப்பில் நாக்கைக் கடித்திருந்தான் இசக்கிமுத்து. மணிக்கட்டில் கோயில் கயிறு இறுகிக் கிடந்தது. அவிழ்க்கப் போனாள்.

“சாமிக் கயிறு, தொடாத” என்றார் அண்ணன் மலைச்சாமி.

தொடக்கூடாதாம். இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கி, கயிறு கட்டி, அறையில் போட்டுப் பூட்டிய மகராசன் அவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதை அன்றே ராஜபாளையத்திலிருந்து போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள் மாரிக்கனி. வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், வார்டில் வைத்து மாத்திரை கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். “அங்க கொண்டுபோய்ப் போட்டா ஊரு சிரிக்கும்” என்று அண்ணன் போனை வைத்துவிட்டார். அவளும் மில் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டாள். நினைத்தால் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இப்போது எழவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவருக்கு ஒரே பேச்சு. “குடிச்சுக் குடிச்சு ஈரலு வெந்துபோச்சு. எம்புட்டோ சொன்னேன்.” கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மூன்று நாளாக ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் செத்தவனுக்கு இந்தப் பெயர். 

சித்தி மகன் மாரிசெல்வம் பந்தல் காலைப் பிடித்து நின்றான். அவனுக்கும் காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும். அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய் மலைச்சாமியைக் கும்பிட்டாள். “இவியளையும் நீங்கதான் திருத்தணும்.”

“காரியம் முடியட்டும். இவனுக்கும் ஒரு கயித்தக் கட்டி உள்ள போட்டுருவோம்.”

“எதுக்குண்ணே? இவனையும் கொல்லவா?” என்றாள் மாரிக்கனி.

மலைச்சாமி அவளை நோக்கி வந்தார்.

“ஏட்டி, எழவு வீட்டுல என்ன பேச்சு பேசுத?”

“அவன் குடிச்சுச் சாகல. நீங்க பூட்டி வச்சுச் செத்தான். நானும் பேசாம இருந்தேன்.” மாரிசெல்வத்தின் கையைப் பிடித்தாள். “வாலே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

யாரும் தடுக்கவில்லை. வெள்ளத்தாய் மட்டும் தெருமுனை வரை அழுதுகொண்டே வந்து நின்றுவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் அவனுக்கு உடம்பே ஆடியது. இடுப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து மறுபடி சொருகினான்.

“இனித் தொட மாட்டேன்க்கா. சத்தியமா.”

“சத்தியமெல்லாம் வேண்டாம். டாக்டரு சொல்லுத வரைக்கும் நீயா குடிய நிப்பாட்டாத.”

அவன் பாட்டிலை மறுபடி எடுத்து மூடியைத் திருகியதும் சாராய நாற்றம் அடித்தது. ஊருக்குள் கொட்டுச் சத்தம் கேட்டது. தம்பியை எடுத்துவிட்டார்கள். மாரிக்கனி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கலந்துகொள்ளத் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.