எண் எழுதிய திமிங்கிலப் பல்

இடுப்பு தனியாகக் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. முந்தின நாள் பூராவும் கொப்பரை மூட்டை ஏற்றியவன், விடியும்போது பஸ் ஏறி, மலைப்பாதையின் குழிகளை எல்லாம் அதே இடுப்பில் வாங்கிக்கொண்டு துறைமுக ஊரில் இறங்கினேன். காலை ஊன்றி நிமிர முடியவில்லை.

“என்ன ரவுவாமா, பிள்ளத்தாச்சி மாதிரி நடக்குற? பெறப்போறது உன் மருமவ, நீ இல்ல” என்றான் கூட வந்த சகெனாசா. என் அத்தை மகன்.

“மருமவளா? இன்னும் ஆவல. வாய மூடிட்டு வா மச்சான்.”

அதுதான் விஷயம். என் மகன் கலியோவா, நசேவு ஊர்ப் பெண் விலிசியை அவள் அப்பனைக் கேட்காமல் கூட்டி வந்துவிட்டான். அவள் வயிறு தெரிய ஆரம்பித்ததும் அப்பன் நைம்புகா படகில் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது வாசலில் நின்று சொன்னான்: “தம்புவாவோட வந்து தப்புன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் பொண்ணும் எங்களோடது, பிள்ளையும் எங்களோடது.”

தம்புவா என்றால் கயிறு கட்டிய திமிங்கிலப் பல். அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் மன்னிப்பும் கிடையாது, சம்பந்தமும் கிடையாது. கடையில் விற்கும் பல் என் ஒரு வருடக் கூலியை விழுங்கும். எங்கள் குடும்பத்துக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. புயலில் கூரை பறந்த வருடம், செத்துப்போன என் அண்ணன் அதை அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். பத்திரமாக வை என்று கொடுத்தானா, வைத்துக்கொள் என்றே கொடுத்தானா, யாருக்கும் தெரியாது. வைக்கக் கொடுத்தது என்று நாங்கள் சொன்னோம். கொடுத்தது கொடுத்ததுதான் என்று அவர்கள் சொன்னார்கள். கடைசியில் நேரில் வந்து பேசச் சொன்னார்கள்; அதைக் கேட்டு வாங்கத்தான் வந்திருந்தோம்.

அருங்காட்சியகத்துக்கு உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு ஒரு பல் தொங்கியது. நுனிக்குப் பக்கத்தில் விரிசல். எங்களுடையதேதான்.

“அது அச்சு எடுத்துச் செஞ்ச நகல் அண்ணே” என்றாள் உலாமிலா. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற பெண். கண்டாவுத் தீவுக்காரி, கண்ணாடி போட்டவள், ரெண்டு கையிலும் வெள்ளைக் கையுறை. “நெசப் பல்லு பின்னால பெட்டியில இருக்கு. எடுத்துட்டு வரேன்.”

அவள் உள்ளே போனதும் சகெனாசா என் காதருகில் வந்தான். “விரிசலக்கூட அச்சு எடுத்திருக்கா பாரு. ஒண்ணு செஞ்சவளுக்கு ரெண்டு செய்யத் தெரியாதா?”

“நம்ம ஊருப் பொண்ணுதானே.”

“கண்டாவு உனக்கு எப்படா நம்ம ஊரு ஆச்சு? கையில எதுக்கு உறை? தொட்டா கடிக்குமா?”

எனக்கும் சந்தேகம் வந்தது. அண்ணன் பொறுப்பில் பாயில் சுற்றியே கிடந்த சாமான் அது. நான் ஒரு நாளும் கையில் எடுத்ததில்லை. புகை ஏறிச் சிவந்து, எண்ணெய் நாற்றத்தோடு இருந்ததாக ஞாபகம். அவள் கொண்டுவந்தது வெளுத்த மஞ்சளாக இருந்தது. நாற்றமே இல்லை. கயிறும் புதுக்கயிறு மாதிரி இருந்தது. வேரடிப் பக்கம், அங்கே எல்லாச் சாமானிலும் இருப்பது மாதிரி, கறுப்பு மையில் பொடியாக ஒரு எண்.

அவள் வாசல் காவலாளியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவன் எதற்கு என்று நான் யோசித்தேன். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் பாயை விரித்து எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். பல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பெரியவர்கள் சபையில் பேசுகிற பேச்சை ஆரம்பித்தாள். வெள்ளைக்காரர்கள் வந்தால் காட்டுகிற வேடிக்கையாக்கும் என்று நினைத்தேன். அவள் வாயைக் கவனிக்கவில்லை. பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கனம் பார்த்தால் தெரிந்துவிடும். மூட்டை தூக்குகிறவன் கையை ஏமாற்ற முடியாது.

இரண்டு கையையும் நீட்டி வாங்கிவிட்டேன்.

காவலாளி உள்ளங்கையைக் குவித்து டொப் டொப் என்று தட்டினான். தம்புவாவை ஒருவர் ஏற்றுக்கொண்டால் தட்டுகிற தட்டு.

சகெனாசாவின் முகம் செத்துப்போனது. “அட மடையா” என்றான் மெதுவாக. “அவ என்ன கேட்டான்னு காதுல விழுந்துச்சா?”

“என்ன கேட்டா?”

உலாமிலாவே திரும்பச் சொன்னாள். குரலில் கொஞ்சமும் சிரிப்பில்லை. “இந்தப் பல்லு உங்க வீட்டுக்குப் போகட்டும். அதுக்குப் பதிலா உங்க குடும்பத்துலேருந்து ஒரு பல்லு இந்த வீட்டுக்கு வரட்டும்னு கேட்டேன் அண்ணே. நீங்க வாங்கிட்டீங்க.”

“நான் கனம் பாக்கத்தான் வாங்கினேன்.”

“கனமாத்தான் இருக்கு, இல்ல?” என்றாள்.

இருந்தது. ஆனால் என்ன பயன்? கையில் வாங்கியவன் கேட்டதற்குக் கட்டுப்பட்டவன். தெரியாமல் வாங்கினேன் என்று எந்த ஊரில் சொல்லிக்கொள்வது? காவலாளி எதற்கு வந்து உட்கார்ந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் சாட்சி.

பஸ்ஸில் சகெனாசா வாய் ஓயவில்லை. “கனமா இருந்துச்சாம். உள்ள ஈயம் ஊத்தியிருந்தா? நக்கிப் பாரு. உப்புக் கரிக்குதா?”

நக்கினேன். “கரிக்குது.”

“அது உன் கை வேர்வைடா.”

எச்சில் தொட்டு அந்த எண்ணைத் தேய்த்தான். போகவில்லை. வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். பல் மினுங்கியது. எண் அதைவிட மினுங்கியது.

மறுநாள் நசேவுவில் நைம்புகாவின் வீட்டில் கீழ்க்கோடியில் தலையைக் குனிந்து உட்கார்ந்தோம். கலியோவா எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் விலிசி நிற்பது தெரிந்தது. பேச்சு சகெனாசாவுடையது. நன்றாகத்தான் பேசினான். பேசி முடித்துப் பல்லை ஏந்தினான்.

நைம்புகா கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு முன்னால் குனிந்து பார்த்தான். மோந்தான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, வேரடியில் பார்வையை நிறுத்தினான்.

“நம்பர் போட்டிருக்கு.”

நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்.

“பல்லுல எவன்டா நம்பர் எழுதுவான்? திருடினதா? இல்ல, அங்க கண்ணாடிக்குள்ள தொங்குதே, அந்தப் பொய்ப் பல்லா? துறைமுகத்துக்கு நாங்களும் போயிருக்கோம்.”

சகெனாசா ஏந்திய பல்லை இறக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நைம்புகாவின் தம்பி ஒருத்தன், “எழுந்து போவச் சொல்லுண்ணே” என்றான்.

நான் பேசக்கூடாத இடம் அது. பேசினேன்.

“திருடல. அந்தப் பொண்ணு பாயில உக்காந்து பல்ல நீட்டினா. நெசமா பொய்யான்னு எனக்கு உங்களவிடச் சந்தேகம். கனம் பாக்கலாம்னு கைய நீட்டிட்டேன். அவ என்ன கேக்குறான்னு கேக்கல. இதுக்குப் பதில் ஒரு பல்லு கேட்டிருக்கா. வாங்கிட்டேன். ஆளு வெச்சுத் தட்டியும் ஆச்சு.”

அந்தத் தம்பிதான் முதலில் சிரித்தான். “கனம் பாக்கவா?” வீடு முழுக்கச் சிரிப்பு பரவியது. எனக்குக் காது கொதித்தது. பின்னால் என் மகனும் சிரித்தானோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை.

நைம்புகா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான்.

“திருடின பல்லுக்கு எவனும் பதில் பல்லு ஒத்துக்க மாட்டான்” என்றான் மெதுவாக. “பொய்ப் பல்லா இருந்தா அவ எதுக்கு நெசப் பல்லு கேட்டுக் கட்டிப்போடணும்? அப்புறம், இவ்வளவு பெரிய முட்டாள்தனத்த ஒருத்தன் தன்மேலேயே கட்டிச் சொல்ல மாட்டான்.”

தொடைக்கு அடியிலிருந்து கைகள் வெளியே வந்தன. வாங்கினான். நசேவு ஆட்கள் தட்டினார்கள். வாங்கிய பிறகு அவனும் உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிக் கனம் பார்த்தான். என்ன தெரிந்துகொண்டான் என்று முகத்தில் காட்டவில்லை. கட்டைவிரலால் அந்த எண்ணை ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு, பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

விலிசி தன் துணிப்பையோடு வெளியே வந்தாள். சடங்குக்கு யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்தார்கள், குடித்தோம். படகில் அவளைப் பலகையின் நடுவே உட்காரவைத்தான் கலியோவா.

பிள்ளை எங்கள் வீட்டில்தான் பிறந்தது. பெண்பிள்ளை. நைம்புகா வந்து பார்த்துவிட்டுப் போனான். எங்கள் குடும்பத்தில் இப்போது பல் எதுவும் இல்லை. துறைமுகத்துக்குக் கொப்பரை கொண்டுபோனால் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. அருங்காட்சியகத்துக்கு நான் ஒரு திமிங்கிலப் பல் கொடுக்கவேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.