ஆறு வினாடிக்கு ஒரு லோடு

1

ஆறு வினாடியின் விலை இருபத்தைந்து டன் மக்காச்சோளம்.

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. சும்மா கிடைத்த சரக்கை எங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் புதுச்சத்திரத்துக் கோழித்தீவன ஆலையில் கொள்முதல் பார்க்கும் சத்யபிரியாவிடம் பேரம் பேசித்தான் இதை வாங்கினேன். அவள் கேட்டது ஒரு நிபந்தனை.

"பாவம்னு ஒரு வார்த்தை வரக்கூடாதுங்க. இருட்டு, வெளிச்சம், அகக்கண்ணு, ஒண்ணும் ஆகாது. வந்துச்சுன்னா கதைய நான் திருப்பி வாங்கிக்குவேன்."

சத்யபிரியாவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கணினித் திரையில் உள்ளதை ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருள் அவள் காதில் படித்துச் சொல்லும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் நாம் கேட்டால் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுவதுபோல இருக்கும். அவளுக்கோ அது சாவகாசமான பேச்சு.

2

முதல் தொடக்கம்: "இருள் சூழ்ந்த அவள் உலகில் ஒரு" (அடித்தாயிற்று. காரணம் மேலே.)

இரண்டாவது: "காலை பத்து மணி. ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதியில்" (பக்கத்திலேயே அரவை ஓடுகிறது. அம்மிக்கல் விழுந்தாலும் கேட்காது. அடித்தாயிற்று.)

மூன்றாவது, உள்ளபடி: ஞாயிறு தவிர தினமும் பத்து மணிக்குக் கர்நாடகத்துத் தாவணகெரே தரகர் அன்றைக்குக் கைவசமுள்ள ஒரு லாரி மக்காச்சோள லோடை, விலையோடு, எல்லா ஆலைகளுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புவார். 'எனக்கு' என்று முதலில் பதில் போடுகிறவருக்கே அது. மூன்று வருடமாகச் சத்யபிரியாதான் முந்துவாள். இந்தப் பங்குனியில் பிந்த ஆரம்பித்தாள். மின்னஞ்சலைத் திறந்தால் குரல் உடனே வரவில்லை. முதலில் ஒரு வினாடி மௌனம், அப்புறம் மூன்று, கடைசியில் ஆறு. இரண்டு வாரத்தில் பதினொரு லோடு சேலத்து ஆலை ஒன்றுக்குப் போய்விட்டது.

3

முதலாளி ஜெகதீஸ்வரன் வெள்ளிக்கிழமை அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏனம்மிணி, தூங்கிப்போறயா? அந்தச் சேலத்துக்காரன் போன் பண்ணிச் சிரிக்கறான்."

"நான் முழிச்சுட்டுத்தானுங்கண்ணா இருக்கறேன். கம்ப்யூட்டருதான் யோசிக்குது."

"திங்கக்கிழமையிலிருந்து நீ போன் எடுக்கற சீட்டுக்குப் போயிரு சாமி. கொள்முதலத் தனசேகரு பார்க்கட்டும்."

தனசேகர் அந்த அலுவலகத்துக் கணினிகளைக் கவனிக்கிறவன். அவன் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தான்: "படிச்சுக் காட்டற சாப்ட்வேரு அப்படித்தானுங்க. ரொம்பக் கனம்."

(இந்த இடத்தில் தனசேகரை வில்லனாக்கப் பார்த்தேன். சத்யபிரியா தடுத்துவிட்டாள். "நல்லவனுங்க. சோம்பேறி, அவ்வளவுதான்.")

4

அன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போன ஒரு மணி நேரம் அவளுக்கு மிச்சம் இருந்தது. நனைந்த மூட்டை எது என்று அடுக்கில் ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்ப்பதுபோல ஆரம்பித்தாள்.

ஒரு வெறும் குறிப்பைத் திறந்தாள். குரல் உடனே வந்தது. ஆக, ஸ்க்ரீன் ரீடர் மேல் குற்றமில்லை. தனக்குத்தானே ஒருவரி மின்னஞ்சல் அனுப்பித் திறந்தாள். உடனே வந்தது. அந்த மின்னஞ்சல் நிரலும் தப்பித்தது. தரகர் தை மாதம் அனுப்பியதைத் திறந்தாள்: ஒரு வினாடி. இன்று அனுப்பியது: ஆறு.

தரகரின் கடிதத்தில் எதுவோ வளர்கிறது.

கடிதத்தின் அடிக்குப் போய்க் கீழிருந்து மேலாகக் கேட்டாள். "அட்டவணை. அதற்குள் அட்டவணை. அதற்குள் அட்டவணை" என்று குரல் சொல்லிக்கொண்டே போனது. அவள் சிரித்துவிட்டாள்.*

* இந்த வியாபாரத்தில் பழைய விலையை யாரும் வெட்டமாட்டார்கள். நேற்றைய கடிதத்துக்கே பதிலாக இன்றைய விலையை எழுதுவார்கள். முந்தாநாள் விலை, அதற்கு வந்த பதில்கள் எல்லாம் கீழே சாட்சியாகத் தொங்கும். ஒவ்வொரு விலையும் கட்டம் போட்ட அட்டவணை. கண்ணால் பார்க்கிறவர் மேல்வரியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஸ்க்ரீன் ரீடரோ மூன்று மாதக் கட்டங்களையும் அடுக்கி முடித்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

5

சாப்பிட்டு வந்த ஜெகதீஸ்வரனிடம் சொன்னாள்.

"மெயிலுக்கு வாலு நீளமாயிருச்சுங்கண்ணா. பழைய ரேட்டையெல்லாம் வெட்டிட்டு அனுப்பத் தரகர்கிட்டச் சொல்லுங்க."

"அதெப்படி? நாளைக்கு அவன் அந்த ரேட்டே சொல்லலைம்பான். வாலு இருந்தாத்தான் புடிச்சு இழுக்க முடியும். ஆகாதம்மிணி."

"சரி, வெட்ட வேண்டாமுங்க. கட்டத்த மட்டும் நான் கழட்டிக்கறேன். ரேட்டு அப்படியே இருக்கும்."

"ஒரு பைசா குறையாதல்ல?"

"ஒரு புள்ளி கூடக் குறையாதுங்க."

மின்னஞ்சல் நிரலின் செட்டிங்ஸுக்குள் போய், மின்னஞ்சல்களை அலங்காரமில்லாத வெறும் எழுத்தாகக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்தாள். தரகரின் கடிதத்தை மறுபடி திறந்தாள். விரலை எடுப்பதற்குள் குரல் விலையைச் சொல்லிவிட்டது.

"இது எனக்குந் தெரியுமுங்க" என்றான் தனசேகர்.

"தெரிஞ்சுதான் கனம், கனம்னு சொன்னயா?"

சனிக்கிழமை பத்து மணி. கடிதம் வந்தது. 'எனக்கு' என்று அடித்து அனுப்பினாள். தரகரின் பதில் வந்தது: 'லோடு உங்களுக்கு. சேலம் இரண்டாவது.'

ஜெகதீஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டார். முன்னறையில் போன் அடித்தது.

"தனசேகரு, நீ போய் எடு" என்றார். "இனிமே அது உன்ற சீட்டு."

6

முடிவுக்கு இரண்டு சரக்கு வைத்திருந்தேன்.

அ) ஜெகதீஸ்வரன் கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். (அவரை எனக்குத் தெரியும். நடக்காது.)

ஆ) தரகர்களெல்லாம் ஒன்றுகூடி அட்டவணைகளைக் கைவிட (இதைவிட முதலாவதே நடக்கலாம்.)

அடுத்த வாரக் கடைசியில் முழுப் பிரதியையும் சத்யபிரியாவுக்கு அனுப்பினேன். ஒன்றரை நிமிடத்தில் கேட்டு முடித்துக் கூப்பிட்டாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா முற்றும்னு போடாதீங்க. வரவேண்டியது இன்னும் நிக்குது."

கீழே உள்ள கணக்கை அவளே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். முற்றும் போடும் உரிமை இனி எனக்கில்லை. வாசகரே, பாக்கி தீர்ந்ததும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இழந்தது: பதினொரு லோடு.
சனியிலிருந்து வெள்ளி வரை பிடித்தது: ஆறு.
சேலத்து ஆலையிடமிருந்து வரவேண்டியது: ஐந்து.