இழுக்க வராத சுரங்கள்

ரத்னவேலின் மௌத் ஆர்கனில் ஒரு கோளாறும் இல்லை. அது கண்மணிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்று அவரை டோபி காட் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டோம், முடிந்தது என்று யாராவது ஓய்ந்ததுண்டா? வீட்டில் ஒரு ஆள் கூடினமாதிரி, தினமும் அதற்கும் சேர்த்து உலை வைக்க வேண்டியிருக்கிறது.

ரத்னவேல் இருபத்தாறு வருடம் ஷிப்யார்டில் வேலை பார்த்தவர். மணலைக் காற்றோடு பீய்ச்சியடித்து கப்பலின் துருவை எடுக்கிற வேலை. துரு கப்பலைவிட்டுப் போயிற்று. தூசி அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது, இனி இளகாது என்று டாக்டர் கண்மணியிடம் சொன்னபோது, அவர் பக்கத்து அறையில் மூச்சுப் பரிசோதனைக்காக ஒரு குழாயில் ஊதிக்கொண்டிருந்தார். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று கண்மணி அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவள் தம்பி பிரேம் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான்கிட்ட வாயத் திறக்காதக்கா. கேட்டா அன்னிக்கே பாதி ஆளாயிடுவாரு."

நம் வீடுகளில் எப்போதும் இப்படித்தானே. நோயாளி ஒருவரைத் தவிர ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். அவர்கள் குடியிருந்த பூன் லேயில் கீழ்வீட்டுப் பூவம்மாவுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. ரத்னவேலுக்கு மட்டும், "சளி கட்டியிருக்காம், மருந்துல கரைஞ்சிடுமாம்" என்ற சேதி போயிற்று. அவர் நம்பினார். பிழைத்துக் கிடக்க ஆசைப்படுகிற மனுஷன் நல்ல சேதியைக் குறுக்கு விசாரணையா செய்வான்?

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்த மௌத் ஆர்கன். அதிலும் சாதாரணமானது இல்லை, குரோமேட்டிக். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் அரைச் சுரம் ஏறும். "மத்ததுல எல்லாம் பாதிப் பாட்டுதான் வரும், இதுல முழுசா வரும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். ஒரே துளையில் ஊதினால் ஒரு சுரம், மூச்சை உள்ளே இழுத்தால் இன்னொரு சுரம். ச, க, ப ஊத வரும். ரி, ம, த, நி நான்கும் இழுத்தால்தான் வரும்.

அந்த நான்கும்தான் ஒவ்வொன்றாக அவரைக் கைவிட்டன. ஊதுவதற்கு எப்படியோ மூச்சு இருந்தது. இழுக்கப் போனால் நெஞ்சு பாதியில் முட்டிக்கொண்டு நின்றது, இருமல் வந்தது. அவர் வாசித்த பாட்டு பல் விழுந்த வாயாயிற்று.

"உள்ள ரீடுத் தகடு போயிருச்சு கண்மணி. இருபது வருஷமாச்சுல்ல" என்றார் ஒருநாள்.

"ஆமாங்க, போயிருக்கும்" என்றாள் அவள். என்ன வேகமாகச் சொன்னாள். வாயில் காத்திருந்ததுபோல வந்தது.

சிராங்கூன் ரோட்டுக் கடையில் புதிதாக ஒன்று வாங்கினார்கள். பதினாறு துளை உள்ளது கனம், வேண்டாம். மரச்சட்டம் வைத்தது இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு உப்பிக்கொள்ளும், வேண்டாம். கடைசியில் பிளாஸ்டிக் சட்டம் வைத்த பன்னிரண்டு துளை. ஒரு மணிநேரம் பெண் பார்க்கிற மாதிரி பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ஒரு வாரம் போனது. அதிலும் ரி இல்லை, நி இல்லை.

"எச்சில் ஈரத்துல உள்ள ஒட்டிக்குது. சூடு பண்ணிட்டு வாசிக்கணும்" என்றார். அதையும் கண்மணி பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் ஆனால் அதை இரண்டு உள்ளங்கைக்குள் பொத்திக் கால்மணிநேரம் உட்கார்ந்திருப்பாள். அவர் வாங்கி இரண்டு வரி வாசிப்பார், இருமுவார், அதை மேசையில் வைத்து, "சனியன், ஏமாத்திப்புட்டானுங்க" என்று திட்டுவார். அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

இப்படித்தான் மூன்றாவது மௌத் ஆர்கனுக்கு அவர்கள் டோபி காட் வந்து சேர்ந்தார்கள். ஜூன் மாதப் பள்ளி விடுமுறை, எங்கு பார்த்தாலும் கூட்டம். எஸ்கலேட்டரைவிட்டு இறங்கிக் கடைக்குப் போவதற்குள் ரத்னவேல் மூன்று இடத்தில் நின்றார். கடையில் இருந்தவர் முகமது யூசுப், முப்பது வயது இருக்கலாம், மரியாதையான மனிதர். பெட்டியைத் திறந்து காட்டினார். ரத்னவேல் எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"வாய் மட்டும் வைக்காதீங்க அங்கிள். எச்சில் பட்டா வேற ஆளுக்கு விக்க முடியாது லா. நான் இதுல போட்டுக் காட்டுறேன்" என்று சொல்லி, மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் துருத்தியை எடுத்தார்.

கண்மணி இதை எதிர்பார்க்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் வாசித்துக் காட்டாமல் மூடிய பெட்டியைத்தான் கையில் கொடுத்தார்கள். துருத்திக்கு நெஞ்சு முட்டாதே.

யூசுப் துருத்தியை அமுக்கினார். ஊதுகிற சுரங்கள் வந்தன. விரித்தார், இழுக்கிற சுரங்கள் வந்தன. ரி, ம, த, நி. ஒன்று குறையாமல் வந்தன.

"பாத்தியா, இதான் சாமான்" என்று ரத்னவேல் அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பையிலிருந்து சிராங்கூன் ரோட்டில் வாங்கியதை எடுத்தார். "தம்பி, இதையும் கொஞ்சம் போட்டுப் பாருங்க. போன மாசம் வாங்கினது. இழுத்தா சத்தமே வரல."

"அது எதுக்குங்க இப்போ? புதுசுதான் வாங்கப் போறோமே."

"சும்மா இரு. செக் பண்ணிட்டா அங்கயே திருப்பிக் கொடுத்துடலாம்."

யூசுப் அதைத் துடைத்துத் துருத்தியில் பொருத்தினார். விரித்தார். ரி வந்தது, ம வந்தது, பொத்தானை அழுத்தியபோது அரைச் சுரங்களும் சேர்ந்து வந்தன.

"நல்லாத்தானே இருக்கு அங்கிள்."

ரத்னவேல் கால்சட்டைப் பையில் கைவிட்டு அந்த இருபது வருடப் பழசை எடுத்து நீட்டினார். கண்மணி அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் கையை விலக்கிக்கொண்டார். யூசுப் அதையும் பொருத்தி விரித்தார். பழைய குரல்தான், கொஞ்சம் கரகரப்பு, ஆனால் நான்கும் முழுசாக வந்தன.

"இது டாப் கண்டிஷன் லா. இதப் போய் ஏன் மாத்துறீங்க?" என்றார் யூசுப். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்.

ரத்னவேல் திரும்பி மனைவியைப் பார்த்தார். கண்மணி எப்போதும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருப்பவள். இத்தனை நாளும் ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை. இப்போது தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"வேண்டாம் தம்பி. தேங்க்ஸ்" என்று இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

நிலையத்துக்குள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மூச்சு அடங்கியதும் அவர் கேட்டார்.

"டாக்டர் எவ்வளவு நாள்னு சொன்னாரு?"

இன்னொரு பொய்க்கு இடம் இருந்தது. கண்மணிக்குத் தெம்பு இல்லை.

"எட்டு மாசம். ரொம்பப் போனா ஒரு வருஷம்னு."

"எப்போ சொன்னாரு?"

"தீபாவளி முடிஞ்ச வாரம்."

அவர் மடியில் கையை வைத்து விரல் மடக்கினார். டிசம்பர், ஜனவரி என்று உதடு அசைந்தது. ஏழாவது விரலில் நின்றது.

"உங்களுக்காகத்தாங்க... நீங்க உடைஞ்சு போயிடக் கூடாதேன்னுதான்..."

"தெரியும்." இருமினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்துவிட்டுச் சொன்னார். "ஏழு மாசமா இந்த மிஷினத் திட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேனோ, அது வேற. ஒண்ணும் பண்ணாமக்கூட இருந்திருப்பேன். ஆனா அது என்னோட நாளு கண்மணி. என்னைக் கேக்காம நீங்க எல்லாருமா சேர்ந்து எடுத்துக்கிட்டீங்க."

அவள் வாய்விட்டு அழுதாள். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"உன்மேல கோவம் இல்லைன்னு சொல்லத்தான் பாக்குறேன்" என்றார் அவர், முன்னால் வெறித்தபடியே. "சொல்ல வரல."

காலம் போகப் போக வந்துவிடும் என்று மற்றவர்களுக்கானால் சொல்லலாம். அந்தக் காலத்தைத்தான் செலவழித்துத் தீர்த்துவிட்டோம் என்பது கண்மணிக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து அவருக்குக் கை நீட்டினாள். ரத்னவேல் பெஞ்சின் விளிம்பை ஊன்றித் தானாகவே எழுந்து, நான்கு எட்டு வைத்து, நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ரயிலுக்கு நடந்தார்.