கோல் விடாத புற்று

1951 ஐப்பசியில், சங்கரன்கோவில் கால்பந்துக் கழகத்தின் கோல்கீப்பர் நல்லக்கண்ணுவின் கால்களைச் சுற்றி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கணுக்கால் உயரத்துக்குப் புற்று வளர்ந்தது. அந்த வாரம் புளியங்குடியில் எலுமிச்சை விலை இறங்கியிருந்ததால் ஊரில் அதிகம் பேசப்பட்டது எலுமிச்சையைப் பற்றித்தான். புற்று வளர்வது எங்கள் ஊருக்கு ஒன்றும் புதிதல்ல. கோயிலிலேயே புற்று இருக்கிறது. கழகம் ஒரு ஆட்டத்தில் ஜெயித்ததுதான் புதிது.

புது மைதானம் வருவதற்கு முன்னால் கழகத்துக்காரர்கள் குளத்து உள்வாயில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கிடந்தால் ஆட்டம் கிடையாது. வற்றினால் தரை வெடித்துக் காலைப் பிடிக்கும். உள்ளூரிலும் தோற்றார்கள், போன ஊரிலெல்லாம் தோற்றார்கள். புளியங்குடியில் பாதுஷா என்று ஒருவன், எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குகிறவன், ஒரு தடவை எங்கள் கோலுக்குள் அடித்த பந்துகளை ரெஃபரியே எண்ண மாட்டேன் என்று விட்டுவிட்டார். கழகத் தலைவர் தில்லைநாயகம் பிள்ளை ரைஸ்மில் வைத்திருந்தவர், மானஸ்தர். அந்த அவமானத்தில் அவருக்கு வெற்றிலை கசந்தது. குற்றம் ஆட்கள் மேல் இல்லை, தரையின் மேல்தான் என்று முடிவுகட்டி, கரிவலம் ரோட்டில் இருந்த தன் மானாவாரி நிலத்தைக் கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார். சுற்றுச்சுவர் எழும்பியது. மேற்கே கல்படிகளும் தகரக் கூரையும் போட்டுக் காலரி கட்டினார்கள். இளையரசனேந்தலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நல்லக்கண்ணுவை, ஓடுகிற குட்டியை இடது கையாலேயே எட்டிப் பிடிப்பான் என்று கேள்விப்பட்டு, பிள்ளை கோல்கீப்பராகக் கூட்டிவந்தார். மைதானத்துக் காவல் வேலையும் சுவரை ஒட்டி ஒரு குடிசையும் கொடுத்தார். நல்லக்கண்ணு பெண்டாட்டி வள்ளித்தாயோடும் பத்துப் பன்னிரண்டு ஆடுகளோடும் வந்து இறங்கினான்.

நிலத்தைச் சமப்படுத்தும்போது நடுவட்டம் வரவேண்டிய இடத்தில் ஓர் ஆள் உயரப் புற்று நின்றது. வேறு ஊராக இருந்தால் மண்வெட்டியால் நாலு போடு போட்டு வேலையை முடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமா? புற்றுமண்ணை நாங்கள் தேமலுக்குப் பூசுவோம், குழந்தை பயந்து அழுதால் நெற்றியில் இடுவோம், நாக்கிலும் ஒரு துளி வைப்போம். மைதானத்தைத் தள்ளிப் போடலாமென்றால் சுவர் எழும்பிவிட்டது. கடைசியில் பாலூற்றி, மன்னிப்புக் கேட்டு, இரும்பு படாமல் கையாலேயே மண்ணைக் கரைத்து எடுத்தார்கள். எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது? ரோட்டோரம் கொட்டினால் மாடு மிதிக்கும், வண்டி ஏறும். பிள்ளை நன்றாக யோசித்து ஒரு இடம் சொன்னார். மைதானத்திலேயே காலடி குறைவாகப் படுகிற இடம் கோல்தான். மற்றவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், அங்கே ஒருத்தன் சும்மா நிற்பான். ஆக வடக்குக் கோலின் வாயில் அந்த மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, கெட்டிப்படுத்தினார்கள். மரியாதையாகச் செய்த காரியம். அங்கே நிற்கப்போகிறவன் வெறுங்காலோடு நிற்பான் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

முதல் ஆட்டம் கழுகுமலைக்காரர்களோடு. அன்று வடக்கு நோக்கி வந்த பந்தெல்லாம், மேய்ச்சல் முடிந்து பட்டிக்கு வரும் ஆடுகளைப் போல, தானாக நல்லக்கண்ணுவின் கைக்கு வந்தது. பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறவேண்டிய நேரத்தில் அவனால் காலை எடுக்க முடியவில்லை. கணுக்கால் வரை புற்று கட்டியிருந்தது. கோல்கீப்பர் தரையோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று விதிகளில் இல்லை. கழுகுமலைக் கோல்கீப்பர் வந்து பார்த்துவிட்டு, அந்த இடத்தில் தலையே போனாலும் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். பக்கம் மாறாமலே ஆட்டம் முடிந்தது, நாங்கள் ஜெயித்தோம். பின்னால் வந்த ஊர்க்காரர்களும் அதையே வழக்கமாக ஏற்றுக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிந்த பிறகும் மண் விடவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், ஆளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். காப்டன் சங்கரசுப்பு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, கேலிக்காரன். அவன் விளையாட்டாக, அசந்து நின்ற நல்லக்கண்ணுவைத் தாண்டிப் பந்தைக் கோலுக்குள் தட்டிவிட்டான். பந்து கோல் கோட்டைத் தாண்டியதும் புற்று இடித்த மாவாக உதிர்ந்தது. நல்லக்கண்ணு காலை உதறிக்கொண்டு கஞ்சி குடிக்கப் போய்விட்டான். அன்றிலிருந்து அது ஒரு முறையாகவே ஆயிற்று. ஆட்டம் முடிந்ததும் சங்கரசுப்பு ஒரு பந்தை அடிப்பான், நல்லக்கண்ணு கையை ஒதுக்கிக்கொள்வான், புற்று உதிரும். காலரியில் இருப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார்கள். வள்ளித்தாய் சுவரோரம் காத்திருந்து அவனைக் கூட்டிக்கொண்டு போவாள்.

அதற்கப்புறம் எங்கள் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது எங்கள் கோலுக்குள் பந்து போனதில்லை. வெளியூர் போனால் பழையபடி உதை வாங்கினோம். அங்கே நல்லக்கண்ணுவின் கால்கள் வெறும் கால்கள். ஆகையால் பிள்ளை ஆளைப் பிடித்து, முக்கியமான ஆட்டங்கள் எல்லாம் எங்கள் ஊரிலேயே நடக்கும்படி பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்கள் கூடுதலாக ஓடின. காலரிக்குப் பின்னால் சுக்குக் காப்பிக் கடை வந்தது. தாலுகா ஆபீஸில் தலையைக் குனிந்து நடந்த சங்கரசுப்பு நிமிர்ந்து நடந்தான். புற்று மட்டும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் அதிகமாக வளர்ந்தது. முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, அடுத்த வருஷம் இடுப்பைத் தொட்டது. கோலுக்குக் கிட்டே போனால் தரைக்குள் யாரோ மூச்சு விடுவது கேட்கிறது என்று பாதுஷா சொன்னான். தோற்றவன் ஆயிரம் சொல்வான் என்று நாங்கள் சிரித்தோம்.

வள்ளித்தாய்க்கு வேறு விஷயங்கள் தெரிந்திருந்தன. சித்திரை வெக்கையில் புருஷன் உடம்பு கிணற்றுத் தண்ணீர் போல் குளிர்ந்து கிடந்தது. அவளும் முதலில் அதை அனுபவித்துச் சந்தோஷப்பட்டாள். மார்கழியிலும் அப்படியே கிடந்தபோதுதான் பயம் வந்தது. அவன் கண் இமைப்பதை விட்டுவிட்டான். கஞ்சியை ஒதுக்கிவிட்டுப் பால் மட்டும் குடித்தான். ஆடுகள் அவனைக் கண்டால் பட்டியின் மூலைக்குப் போய் ஒண்டின.

1953 பங்குனியில் ஜில்லா ஷீல்டின் அரையிறுதி ஆட்டத்தில் புற்று அவன் நெஞ்சுக்கு வந்தது. கைகள் மட்டும் வெளியே இருந்தன. ஜெயித்துவிட்டோம். சங்கரசுப்பு வழக்கம்போல் பந்தோடு கோலுக்கு முன்னால் போனபோது பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார். ஆட்டம் தொடங்கிப் புற்று எழும்புவதற்குள், அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எதிராளியின் பந்து கோலுக்குக் கிட்டே வருகிறது. போன ஆட்டத்தில் ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதை அவர் மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு புளியங்குடியோடு இறுதி ஆட்டம். புற்று இப்படியே இருக்கட்டும் என்றார். வள்ளித்தாய் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, ஒரே ஒரு பந்துதான கேக்கேன். அத விட்டா வீட்டுக்கு வந்துருவாக."

"ஷீல்டு வாங்கின கையோட நானே உதைச்சு விடுதேன். போதுமாட்டி?" என்றார் பிள்ளை.

பிள்ளை கெட்டவர் இல்லை. நல்லக்கண்ணுவின் தலைக்கு மேல் ஓலைப்பந்தல் போடச் சொன்னார், தன் வீட்டுப் பசும்பாலையே அனுப்பிவைத்தார். பந்தை மட்டும் ரைஸ்மில்லில் வைத்துப் பூட்டிவிட்டார். கழகத்திடம் இருந்தது அந்த ஒரே பந்து. வள்ளித்தாய் தேங்காயை உருட்டிப் பார்த்தாள், பழந்துணியைப் பந்தாகச் சுற்றி உதைத்துப் பார்த்தாள், புற்று ஏமாறவில்லை. கடைசியில் ஒரு நண்பகலில் கடப்பாரையோடு வந்தாள். ஓங்கியும்விட்டாள். ஆனால் அவளும் அந்த மண்ணை நெற்றியில் பூசி வளர்ந்தவள்தானே, கை இறங்கவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஒரு பந்த விட்டிருங்க. ஊரு ஏசினா ஏசட்டும். ஆட்ட ஓட்டிக்கிட்டு நம்ம ஊருக்கே போயிருவோம்."

அவன் இமைக்காமல் அவளைப் பார்த்தான். "விட்டிருதேன். ஆனா இங்கன நிக்கிறது நான் மட்டும் இல்லட்டி" என்றான்.

இறுதி ஆட்டத்தன்று காலரி போதாமல் சுவர் மேலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பாதுஷா எல்லோரையும் ஏய்த்துவிட்டுத் தனியாகக் கோலுக்கு முன்னால் வந்துவிட்டான். அடித்தான். நல்லக்கண்ணு இரண்டு கைகளையும் கீழே போட்டான். மேற்குக் காலரி முழுவதும் அதைப் பார்த்தது. அசந்துவிட்டோம், கவனிக்கவில்லை என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். வள்ளித்தாய் சுவரோரத்திலிருந்து எழுந்து ஓடிவரத் தொடங்கினாள். பந்து அவன் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால், உறியில் வைத்ததுபோல் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகத் தரைக்கு இறங்கியது. மண் நிறத்தில் இரண்டு கைகள் அதைப் பிடித்து இறக்கியதாகப் பாதுஷா தன் ஊரில் போய்ச் சொன்னான். நாங்கள் கைகளைப் பார்க்கவில்லை. கூச்சல் போட்டுக்கொண்டிருந்தோம். கூச்சல் அடங்கியபோது ஷீல்டு எங்களுடையது, புற்று அவன் கழுத்தில் இருந்தது.

பிள்ளை சொன்ன சொல் தவறாதவர். ஷீல்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, பந்தை உதைத்தார். பந்து அவர் காலடிக்கே திரும்பி வந்தது. சங்கரசுப்பு அடித்தான். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அடித்தார்கள். கடைசியில் பாதுஷா அழுதுகொண்டே அடித்தான். ஒவ்வொரு தடவையும் பந்து திரும்பி வந்தது. ஷீல்டை எங்கே வைத்தோம் என்று அன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. பொழுது சாயும்போது மண் நல்லக்கண்ணுவின் வாயருகில் வந்துவிட்டது.

"ஆட்ட அடைச்சிட்டியா?" என்று வள்ளித்தாயிடம் கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் புற்று மூடிக்கொண்டது.

அதன் பிறகு வேறு கோல்கீப்பர் தேவைப்படவில்லை. பத்துப் பேரும் ஒரு புற்றுமாக இன்னும் இரண்டு வருஷம் ஆடினார்கள், தோற்கவே இல்லை. அதனாலேயே வெளியூர்க்காரர்கள் வருவது நின்றது. ஆடிக் காற்றில் தகரக் கூரை பறந்து போயிற்று, சுக்குக் காப்பிக் கடைக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டார். தில்லைநாயகம் பிள்ளை பந்தை வள்ளித்தாயின் கையில் கொடுத்துவிட்டு, கரிவலம் ரோட்டில் போவதையே விட்டுவிட்டார். சங்கரசுப்பு மட்டும் ஆபீஸ் முடிந்து அவ்வப்போது வந்து இடிந்த படியில் உட்காருவான். புற்றின் மேல் யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். செவ்வாய்க்கிழமைகளில் பாலும் முட்டையும் வந்தன.

வள்ளித்தாய் தினமும் சாயங்காலம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோலைப் பார்த்துப் பந்தை உதைத்தாள். முதலில் விரல் பெயர்ந்து ரத்தம் வந்தது. வருஷம் போகப் போகக் கால் தேறிவிட்டது. அவள் அடிக்கிற அடி பாதுஷாவுக்கே வராது என்று சங்கரசுப்பு சொல்வான். வலது மூலை, இடது மூலை, தலைக்கு மேலே என்று அடித்தாள். ஒவ்வொரு தடவையும் பந்து ஈரமாக, குளிர்ச்சியாக, புற்றின் இடது பக்கத்திலிருந்து உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. நல்லக்கண்ணு இடதுகைக்காரன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

1958 தை மாதத்தில் ஒரு நாள் பந்து கம்பத்தில் பட்டு, திசை மாறி, புற்றுக்குப் பின்னால் கோல் கோட்டுப் பக்கமாக மெதுவாக உருண்டது. புற்றிலிருந்து சில மண்கட்டிகள் அப்போதே உதிரத் தொடங்கின. ஐந்து வருஷமாக இதற்காகத்தான் உதைத்துக்கொண்டிருந்த வள்ளித்தாய் தலைதெறிக்க ஓடினாள். ஓடிப்போய், கோட்டுக்கு முன்னால் காலை நீட்டி, பந்தைத் தானே தடுத்துவிட்டாள். படியில் இருந்த சங்கரசுப்பு பதறி எழுந்து வந்து, உனக்குப் பைத்தியமா என்று கேட்டான். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கோல் விழுந்து, புத்து உதிர்ந்து, உள்ள ஒண்ணும் இல்லைன்னா நான் என்ன அண்ணாச்சி செய்வேன்?" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் மூலைகளுக்கு அடிப்பதை விட்டுவிட்டு, நேராக, மெதுவாக, புற்றின் நெஞ்சுக்கே அடிக்கத் தொடங்கினாள். பந்து இடது பக்கமாகத் திரும்பி வருகிறது. கரிவலம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்க்கிறார்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இருட்டியதும் வள்ளித்தாய் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆட்டை அடைச்சாச்சு என்று புற்றிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.