கல்லில் இருந்த பேர்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த ஹெலன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மகள் பிரின்சி வாசலுக்கே வந்து போனை நீட்டினாள். "மாமா மா. வீடியோல கீறாரு." தம்பி கூப்பிடுவதென்றால் வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் அன்றைக்கு, அதுவும் பத்து நிமிஷம். இது ஆடி மாசம். ஒரு நாட்டையே ஆளுகிற கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் காரணமில்லாமல் ஆடி மாசத்தில் அக்காவை நினைத்துக்கொள்வானா?

நாட்டை ஆளுகிற கூட்டம்தான், மிகையில்லை. கும்மிடிப்பூண்டி பைபாஸுக்குக் கிழக்கே இருக்கும் இந்தக் காலனியில் பிறந்த இம்மானுவேல் இன்றைக்கு நியூசிலாந்தில் எம்.பி. மூன்றாவது தடவை. படிக்கத்தான் போனான். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் ஆட்டுக்கறி வெட்டுகிற கம்பெனியில் ரத்தத்திலும் ஐஸிலும் ஆறு வருஷம் நின்றான். அங்கே தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தான். சங்கத்திலிருந்து முனிசிபாலிட்டி, அங்கிருந்து பார்லிமென்ட். அடுத்த மாசம் தொழிலாளர் மந்திரி ஆகப்போகிறான் என்று பிரின்சி படித்துச் சொல்லியிருந்தாள். சிப்காட் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் கூட்டித் துடைக்கிற ஹெலன், சூப்பர்வைசர் வள்ளென்று விழும்போதெல்லாம், போடா, என் தம்பி யாருன்னு தெரியுமா உனுக்கு, என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். வாய்விட்டுச் சொன்னால் எவன் நம்புவான்? மந்திரியோட அக்கா மாப்புக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பாளா என்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவன் பேச்சையெல்லாம் பிரின்சி போனில் போட்டுக் காட்டுவாள். இங்கிலீஷ்தான், ஒன்றும் புரியாது. ஆனால் 'மதர்' என்று வருகிற இடம் ஹெலனுக்குத் தெரியும். குனிந்த முதுகோடு நாற்று நட்ட என் அம்மா, பசித்த வயிற்றோடு என்னைப் படிக்க வைத்த என் அம்மா என்று பிரின்சி சொல்லச் சொல்ல ஹெலன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். படிக்க வைத்ததில் பதினாறு வயசில் இரும்பு உருக்குகிற கம்பெனிக்குப் போன அக்காவுக்கும் பங்கு உண்டு. அதை அவன் சொன்னதில்லை, இவளும் எதிர்பார்த்ததில்லை. ஒன்று மட்டும் உறுத்தும். அம்மா, அம்மா என்கிறானே, ஒரு தடவைகூட அந்த அம்மாவின் பேரைச் சொன்னதில்லை. மரியாதைக்குச் சொல்லாமல் இருக்கிறான் போல என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

போனில் அவன் கோட்டு போட்டிருந்தான். கண் இரண்டும் தூங்காத கண்.

"அக்கா, நல்லா கீறியா?"

"எனுக்கு இன்னா, குத்துக்கல்லு மாறி கீறேன். உனுக்கு இன்னாடா ஆச்சி? மூஞ்சியே செரியில்லியே."

அவன் பிரின்சியைத் தள்ளிப் போகச் சொன்னான். அவள் போகவில்லை. பிறகு சொன்னான். அங்கே ஒரு பத்திரிகைக்காரி அவனுடைய பழைய காகிதங்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறாள். அவன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனது கவர்மென்ட் கொடுத்த உதவிப்பணத்தில். அது தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளது, ஞானஸ்நானம் வாங்கின கிறிஸ்தவனுக்குச் சட்டப்படி கிடையாது. இவன் பொய்க் காகிதம் காட்டி ஏமாற்றி வந்தவன் என்று எழுதப் போகிறாளாம். புதன்கிழமை அவளே நேரில் வருகிறாள்.

இதைக் கேட்டு ஹெலனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடப் பைத்தியமே, இது ஒரு துப்பா? காலனியில் எந்தக் கதவைத் தட்டினாலும் சொல்வார்களே. வீட்டுக்கு ஒரு பேர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர். கோயிலில் ஹெலன், ரேஷன் கார்டில் கெங்கம்மாள். வீட்டில் பிரின்சி, மார்க் ஷீட்டில் ரம்யா. கோயிலில் இம்மானுவேல், சர்டிபிகேட்டில் சின்னதுரை, இந்து ஆதிதிராவிடர். அம்மாவும் பிள்ளைகளுமாக ஞானஸ்நானம் எடுத்தபோது அவனுக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடத்து சார் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய பேரே இருக்கட்டும்மா, மாத்தினா பையன் படிப்பு போச்சு, என்றார். அது கோயில் பாஸ்டர் ஐயருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். மதம் மாறினால் சாதி போய்விடுமா? மேல்சாதிக்காரர் குப்புராஜ் வகையறா நிலத்தில் களை எடுக்கப் போனால், கழுத்தில் சிலுவை தொங்குகிறதே என்று எவனாவது வரப்பில் கூட உட்கார வைத்தானா? காகிதத்தில் மட்டும் போய்விடுமாம். அதனால் காகிதத்துக்கு ஒரு பேர். யாரையும் ஏமாற்ற நினைத்துச் செய்ததில்லை, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொள்வதுபோலத்தான்.

"கோயில் ரிஜிஸ்டர் வெள்ளத்துல போயிடுச்சி, விசாரிச்சிட்டேன்," என்றான் இம்மானுவேல். "அம்மா கல்லறைல இன்னாக்கா எழுதிக்கீது?"

"நீ எழுதிக் குடுத்ததுதான்."

ஹெலனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

அவன் விமானம் ஏறுவதற்கு முந்தின வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஊரைப் பொறுத்தவரை அவள் அஞ்சம்மாள். அதுவும் முழுசாக இல்லை, நேற்றுப் பிறந்த பிள்ளைகூட 'ஏய் அஞ்சி' என்றுதான் கூப்பிடும். ஞானஸ்நானத்தில் எலிசபெத் என்று வைத்தார்கள். அம்மாவுக்கு அந்தப் பேர்மேல் அப்படி ஒரு ஆசை. யாராவது கூப்பிட மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வயலில் எவன் கூப்பிடுவான்? பிள்ளைகள் அம்மா என்பார்கள். படுக்கையில் விழுந்து பத்தாம் நாள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். "எலிசபெத்துன்னு ஒருத்தரும் என்னிய கூப்டல. கல்லுலயாவது எழுதி வைங்க. வர்றவன் போறவன் படிக்கட்டும்." இம்மானுவேல் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவனே காகிதத்தில் பெரிசாக எழுதினான், மேலே ஒரு சிலுவை, கீழே வருஷம். கல் கொத்துகிறவர் ஒரு சுழி மாறாமல் அதையே பார்த்துக் கொத்தினார்.

"கல்ல எடுத்துடவாடா?"

"எடுத்தா பள்ளம் தெரியும்கா. மேல சிமெண்ட்டு பூசிட்டின்னா போதும். மழைல விரிசல் உட்டுச்சி, ரிப்பேர் பண்ணோம்னு சொல்லிக்கலாம்."

ஹெலனுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏன்டா, எட்டு வயசுப் புள்ள நீ இன்னா தப்பு பண்ண? அவங்க சட்டம்தான் கோணல், எங்க அம்மா கோணல் இல்லன்னு அங்க எந்திரிச்சி நின்னு சொல்லேன். அம்புட்டுப் பேச்சு பேசுறியே."

"சொன்னா புரியாதுக்கா அவங்களுக்கு. நான் எவ்ளோ சொன்னாலும் பொய்யன்ற ஒரு வார்த்ததான் நிக்கும்." அவன் கை விரல்களைத் தூக்கிக் காட்டினான். "முப்பது வருசம்கா. அந்தக் கறிக் கம்பெனில என் வெரலு மரத்துப் போனது இன்னும் செரியாவல. மந்திரி ஆனா அந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒரு சட்டம் கொண்டாரலாம். இதுல கவுந்துட்டேன்னா எல்லாம் போச்சு."

பொய் சொல்கிற முகமில்லை அது. சின்ன வயசில் ஏரியில் மூழ்கப் பார்த்தவனை இவள் தூக்கிக் கரையில் போட்டபோது அண்ணாந்து பார்த்தானே, அதே முகம். ஹெலன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நாஷ்டா துன்னியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு போனை மகளிடம் கொடுத்தாள்.

இரண்டு நாள் அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சோறு இறங்கவில்லை. "பூசாத மா," என்று பிரின்சி ஒரே பிடியாக நின்றாள். "ஆயாவுக்குன்னு இந்த ஒலகத்துல கீறது அது ஒண்ணுதான்." செத்தவளா, இருப்பவனா? இதை யாரிடம் போய்க் கேட்பது? அம்மா உயிரோடு இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தாள். பிள்ளைக்காகப் பூசிவிடு என்றுதான் சொல்வாள், சந்தேகமே இல்லை. அது தெரிந்ததுதான் ஹெலனுக்குத் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் பக்கத்து வீட்டுக் கொத்தனார் தேசப்பனிடம் ஒரு சட்டி சிமெண்ட் கேட்டு வாங்கினாள். எதுக்கு என்று அவர் கேட்கவில்லை. "நான் வரட்டாமா?" என்றார். "வேணாண்ணா, நானே பாத்துக்குறேன்." காலனிக்கு ஒரே இடுகாடுதான், சாமி கும்பிடுகிறவர்களும் ஜெபம் பண்ணுகிறவர்களும் அங்கேதான். சிமெண்டைக் குழைத்துக் கல்லறையின் நாலு பக்கமும் பூசினாள். கல்லைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். சிலுவை, வருஷம், பிறகு எ, லி, ச என்று தம்பியின் கையெழுத்தில் ஒவ்வொரு எழுத்தாக விரலால் அடைத்தாள். உள்ளங்கையால் வழித்துச் சமமாக்கினாள். "மன்னிச்சுக்கோமா," என்றாள். அழுகை வந்தது, நின்று அழ நேரமில்லை.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. பத்திரிகைக்காரி சின்னப் பெண்தான், வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கூட மொழிபெயர்க்க ஒரு இளைஞன். ஹெலன் காப்பி கொடுத்தபோது அவனிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"எந்த ஊருப்பா நீ?"

"அத்திப்பட்டு, ஆண்ட்டி. பேரு ஜெரால்ட்."

ஹெலன் குரலைத் தாழ்த்தினாள். "சர்டிபிகேட்ல?"

அவன் பத்திரிகைக்காரியை ஓரக்கண்ணால் பார்த்தான். டம்ளரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "வெங்கடேசன்."

அம்மா பேர் என்ன என்று கேட்டார்கள். அஞ்சம்மாள் என்றாள். பொய்யில்லையே. என்ன மதம் என்றார்கள். ரேஷன் கார்டைக் காட்டினாள். பிரின்சி உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை. கல்லறையைப் பார்க்கலாமா என்றாள் அந்தப் பெண். அதற்கென்ன, வாங்க என்று ஹெலன் முன்னால் நடந்தாள், கார் இடுகாடு வரைக்கும் பின்னாலேயே வந்தது. காய்ந்திருக்கும், ஐந்து மணி நேர வெயில், நன்றாகக் காய்ந்திருக்கும்.

காய்ந்துதான் இருந்தது. கல் முழுக்க வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஆனால் எழுத்துப் பள்ளத்தில் அடைத்த சிமெண்ட் ஆழத்தில் இருந்ததால் இன்னும் ஈரம் போகவில்லை. வெளுத்த கல்லின் நடுவே ஒரு சிலுவையும், அதன் கீழே எலிசபெத் என்று முத்து முத்தான எழுத்தும், வருஷமும், கறுப்பாக எழுந்து நின்றன. கொத்தின நாளில்கூட அவ்வளவு தெளிவாக இல்லை.

போச்சு, தம்பி தொலைந்தான்.

அந்தப் பெண் சிலுவையைக் காட்டி என்னவோ கேட்டுக்கொண்டே கேமராவைத் தூக்கினாள். ஜெரால்ட் கல்லைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறான். ஹெலன் தன்னையே நம்பமுடியாமல் நின்றாள். வேண்டாம், சொல்லிவிடாதே என்று கும்பிட வேண்டிய நேரத்தில், சொல்லுடா, ஒரே ஒரு தடவை சத்தமாகச் சொல்லு, என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தம்பியை நினைத்தாள். அப்படியும் அந்த ஆசை போகவில்லை.

ஜெரால்ட் நிமிர்ந்து ஹெலனின் கையைப் பார்த்தான். சிமெண்ட் தின்று விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. அவன் திரும்பி இங்கிலீஷில் நாலைந்து வரி சொன்னான், இங்கே எல்லாரும் கலந்துதான், சிலுவைக்குக் கணக்கில்லை என்பதுபோலப் பக்கத்துக் கல்லறைகளையும் கை காட்டினான். ஹெலன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அந்தப் பேர் அதில் எங்கேயாவது வருகிறதா என்று ஒவ்வொரு சத்தமாகத் தேடினாள். வரவில்லை. அந்தப் பெண் தலையாட்டி, படம் எடுக்காமலே கேமராவைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வரேன் ஆண்ட்டி," என்றான் ஜெரால்ட். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹெலன் அங்கேயே நின்றாள். இம்மானுவேலுக்குச் சேதி சொல்ல வேண்டும், போன் வீட்டில் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை, யாரும் கூப்பிடாத அந்தப் பேரைச் சொல்லித் தானே கூப்பிட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். கார் இன்னும் கிளம்பவில்லை. திரும்ப இடமில்லாமல் முன்னேயும் பின்னேயும் போய் வந்துகொண்டிருந்தது. போகட்டும் என்று காத்திருந்தாள். வெயில் நேராக விழுந்தது. முதலில் வருஷம் வெளுத்தது, பிறகு சிலுவை, பிறகு ஓரத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக. கார்ச் சத்தம் பைபாஸில் போய்க் கலந்தபோது ஒரு 'ச' மட்டும் பாதி ஈரமாக இருந்தது. அவள் குனிந்து பார்ப்பதற்குள் அதுவும் கல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது.